கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு டீ

எங்கள் வீட்டுக்காரருக்கு வேலை செய்யும் இடத்தில் தொங்கட்டான் என்று பேர். காதில் மாட்டுகிற தொங்கட்டான் இல்லை, கட்டடத்தில் மாட்டுகிறது. மொட்டை மாடியில் கயிற்றைக் கட்டி, இடுப்பிலும் தொடையிலும் வாரை இறுக்கி, ஒரு பலகையில் உட்கார்ந்து, மாடி மாடியாக இறங்கிக்கொண்டே வெளிப்பக்கத்துக் கண்ணாடிகளைத் துடைப்பது அவர் வேலை. பக்கத்தில் சோப்புத் தண்ணீர் வாளி தொங்கும். கையில் ரப்பர் பட்டை வைத்த வைப்பர்.

நானும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறேன். தரைத்தளத்துக் கூடத்தைப் பெருக்கித் துடைப்பது என் பங்கு. அவர் வெளியே தொங்குவார், நான் உள்ளே குனிவேன். ஒரே இடத்தில் வேலை பார்த்தும் பகலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான். எங்கள் குடும்பம் இத்தனை வருஷம் பெரிய சண்டையில்லாமல் ஓடியதற்கு ஆண்டவன் காரணம் என்று எல்லோரிடமும் சொல்வேன். இதுவும் ஒரு காரணம்தான். ஆண்டவன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அத்தனை உயரத்தில் தொங்குகிற மனுஷன் வீட்டில் ஸ்டூலில் ஏற மாட்டார். பல்பு மாற்றச் சொன்னால் முகம் வெளுத்துவிடும். "ஸ்டூல்ல கயிறு எங்க இருக்கு?" என்பார். அதனால் பல்பு மாற்றுவது நான்தான். அவர் ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டு, "பாத்து, பாத்து" என்று கண்ணை மூடிக்கொள்வார்.

இன்னொரு வியாதியும் உண்டு. அழுக்குக் கண்ணாடியைக் கண்டால் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் உட்கார்ந்தால் ஜன்னலைச் சட்டைக் கையால் துடைப்பார். ஒரு தடவை என் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். நாட்டு நடப்பைப் பேசிக்கொண்டே இருந்தவர், அண்ணன் முகத்திலிருந்த மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வாயால் ஊதி, துடைத்து, திரும்ப மாட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். அன்றிலிருந்து அண்ணன் இவர் வருகிறார் என்றால் கண்ணாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஆள் தெரியாமல் என்னையே யாரென்று கேட்பார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் பதினெட்டாம் மாடியில் ஒரு சிநேகிதம் கிடைத்தது.

அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்களுக்குப் பேர் இருக்கத்தான் செய்யும். கீழே இருக்கும் எங்களுக்கு மாடி நம்பர்தான் பேர். "ஒன்பது இன்னைக்கு ஒரே கோவமா இருக்கு," "பதிமூணு புதுசா நாய் வாங்கியிருக்கு" என்று பேசிக்கொள்வோம். மேலே போகப் போக வீடு பெரிசு, ஆள் குறைவு. பதினெட்டு முழுக்க ஒரே ஒரு பெரியவருக்கு. எங்கள் வீட்டையும் பக்கத்து வீட்டையும் தூக்கி அவர் கூடத்தில் வைத்தாலும் சோபாவில் இடிக்காது. தொழிற்சாலைகள் வைத்திருந்து விற்றவராம். மனைவி தவறிப்போய்விட்டார். பிள்ளைகள் வேறு வேறு நாட்டில். காலையில் ஒரு அம்மா வந்து சமைத்துவிட்டுப் போவார். அதற்குப் பிறகு அந்த மாடியில் பேசுவது டிவி மட்டும்தான்.

கயிற்றில் போகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு: கண்ணாடியைப் பார்க்கலாம், கண்ணாடிக்குள் பார்க்கக் கூடாது. காற்று பலமாக அடித்தால் இன்னொரு சட்டம்: கயிற்றைப் பூட்டிவிட்டு, கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு, காற்று நிற்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். ஒரு நாள் இரண்டு சட்டமும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டது. காற்று இவரைப் பதினெட்டாம் மாடி ஜன்னலில் கொண்டுபோய் நிறுத்தியது. கண்ணாடிக்கு உள்ளே பெரியவர் ஜட்டியோடு உட்கார்ந்து ஒரு சாக்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கால் நீண்டால் கை எட்டவில்லை, கை நீண்டால் கால் ஓடிவிடுகிறது.

இவர் எங்கே பார்ப்பார்? இடது பக்கம் ஆகாசம், வலது பக்கம் ஆகாசம், கீழே பார்த்தால் தலை சுற்றும். உள்ளேதான் பார்த்தார்.

பெரியவர் நிமிர்ந்தார். வழக்கமாக இந்த இடத்தில் குடியிருப்பவர்கள் திரையைச் சர்ரென்று இழுத்து மூடுவார்கள். சிலர் கீழே போன் போட்டுக் கத்துவார்கள். பெரியவர் சாக்ஸைத் தூக்கிக் காட்டி, 'இந்த அநியாயத்தைப் பாரு' என்பதுபோல் கையை விரித்தார். இவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அந்தரத்தில் ஒருவர் சிரிக்க, உள்ளே ஜட்டியோடு ஒருவர் சிரிக்க, காற்று நிற்கிற வழியாக இல்லை.

பெரியவர் எழுந்து போய் வேட்டியோ கால்சட்டையோ எதுவும் போட்டுக்கொள்ளாமல் டீ போட்டு வந்தார். இரண்டு கோப்பை. ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டார். இன்னொன்றை ஜன்னல் திண்டில் வைத்து, இவர் பக்கம் தள்ளி, 'குடிங்க' என்று சைகை காட்டினார்.

அந்த ஜன்னல் திறக்காது. அந்தக் கட்டடத்தில் எந்த ஜன்னலும் திறக்காது. டீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆவி பறந்தது. இவர் இந்தப் பக்கம் வாயைக் குவித்து உறிஞ்சுகிற மாதிரி செய்து, தலையை ஆட்டி, சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று விரலால் காட்டினார். பெரியவர் அடுத்த தடவை சர்க்கரையைக் குறைத்துவிட்டாராம்.

"குடிக்காமலே எப்படித் தெரிஞ்சது உங்களுக்கு, தூக்கல்னு?" என்று கேட்டேன்.

"போடறப்ப பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். கரண்டி கரண்டியா அள்ளறாரு."

அதற்குப் பிறகு இவருடைய முறை பதினெட்டுக்கு வரும்போதெல்லாம் டீ தயாராக இருக்கும். பிறகு சீட்டும் சேர்ந்தது. பெரியவர் இவருடைய சீட்டுகளை முகம் வெளியே தெரிகிற மாதிரி, கோந்து டேப்பால் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டுவார். இவர் எதைத் தொட்டுக் காட்டுகிறாரோ அதைப் பிய்த்துப் போடுவார். அவ்வப்போது கண்ணாடியில் மூக்கை அழுத்தி, எந்தச் சீட்டு என்று எட்டிப் பார்ப்பார்.

"ஏமாத்துறாரே! நீங்க கேக்க மாட்டீங்களா?"

"கேட்டா என்ன காதுல விழவா போகுது? விடு. அப்படியும் நான்தான் ஜெயிக்கிறேன்."

சிநேகிதம் என்றால் வெறுமனே கண்ணாடியில்தானா, கீழே வந்து பேசினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அவர்களுக்கும் தோன்றியிருக்கிறது. ஒரு நாள் மத்தியானம் பின்படிக்கட்டில் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெரியவரே இறங்கி வந்தார். நல்ல சட்டை, பளபளவென்று செருப்பு. இவர் வாய் நிறையச் சோற்றோடு எழுந்து நின்றார்.

"சாப்பிட்டாச்சா?" என்றார் பெரியவர்.

"ஆச்சு சார்," என்றார் இவர், மென்றுகொண்டே.

"வெயில் ஜாஸ்தியா இருக்கு."

"ஆமா சார்."

"உக்காருங்க, உக்காருங்க."

"பரவாயில்ல சார்."

பெரியவர் படிக்கட்டைப் பார்த்தார். இவர் பெரியவரின் செருப்பைப் பார்த்தார். இரண்டு பேரும் பெண் பார்க்க வந்த வீட்டில் மாட்டிக்கொண்ட மாதிரி நெளிந்தார்கள். கடைசியில் பெரியவர் இருமிவிட்டு லிஃப்டில் ஏறிப் போனார். "இவர்தான் அவரா?" என்று கேட்டேன். "கீழ வந்தா அவர் வேற ஆளு. மேல பாக்கணும் நீ," என்றார் வீட்டுக்காரர், ஏதோ தொலைத்துவிட்ட மாதிரி.

இந்த நேரத்தில்தான் புகார் வர ஆரம்பித்தது.

எங்கள் சூப்பர்வைசர் வயதில் சின்னவர். வாய் நிறைய அண்ணே, அக்கா. அண்ணே என்று ஆரம்பித்து, அடுத்த வார்த்தையில் கழுத்தை அறுப்பார்.

"அண்ணே, பதினெட்டுல இருந்து புகார். கண்ணாடி சுத்தமா இல்லையாம். திரும்பப் போங்க."

இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டடத்திலேயே அந்தக் கண்ணாடியைத்தான் பார்த்துப் பார்த்துத் துடைப்பார். திரும்பப் போனார். உள்ளே பெரியவர் சந்தோஷமாக டீயும் சீட்டுமாக நின்றார். கொஞ்ச நாளில் மறுபடியும் புகார். இந்தத் தடவை சூப்பர்வைசர் தோளில் கை போட்டார். அவர் தோளில் கை போட்டால் நல்ல சேதி இருக்காது.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னொரு புகார் வந்தா உங்களைக் கயித்துல ஏத்த வேணாம்னு கம்பெனி சொல்லுது. உங்களுக்கும் வயசாகுது. கண்ணு மங்கியிருக்கும்."

கண் மங்கிவிட்டதாம். எதிர்க் கட்டடத்தில் புறா எச்சம் போடுவதைப் பார்த்துத் திட்டுகிற கண் அது. கயிற்றை விட்டால் இந்த வயதில் வேறு கம்பெனி ஏற்றாது. கீழே வாளி சுமக்கிற வேலைதான் கிடைக்கும், பாதிச் சம்பளத்துக்கு. அதைக்கூடச் சமாளித்துவிடலாம். கயிறு இல்லாவிட்டால் அவர் யார்? ஸ்டூலில் ஏறப் பயப்படுகிற ஒரு மனுஷன், அவ்வளவுதான். அது அவருக்கும் தெரிந்திருந்தது. அன்றைக்குச் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"டீயைக் குடுத்துட்டு, முதுகுக்குப் பின்னால போன் போடறான் பாரு அந்த ஆளு."

"நீங்க எங்க குடிச்சீங்க அந்த டீயை?" என்றேன், சிரிக்க வைக்கலாம் என்று. அவர் சிரிக்கவில்லை.

இரண்டாவது புகாருக்காகத் திரும்பப் போன அன்று, இவர் பெரியவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லையாம். சீட்டுக்கட்டைக் காட்டினாராம், இவர் தலையை ஆட்டிவிட்டார். டீயோடு பிஸ்கட்டும் வைத்தாராம், இவர் அதற்கு நேராகக் கண்ணாடியில் சோப்புத் தண்ணீரை அடித்து மறைத்துவிட்டுத் துடைத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

மறுநாளே நான் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, வரவேற்பு மேஜையில் இருக்கும் பெண் என்னைக் கூப்பிட்டாள். முகம் சரியில்லை.

"அக்கா, பதினெட்டு மறுபடியும் புகார் போட்டிருக்கு. சூப்பர்வைசர் அடுத்த கட்டடத்துக்குப் போயிருக்கார். சாயங்காலம் வந்தா நான் சொல்லித்தான் ஆகணும்."

துடைப்பத்தை வாளியில் போட்டேன். வேலைக்காரர்களுக்கான லிஃப்டில் யாரோ ஒரு அலமாரியை ஏற்றிச் சிக்கவைத்திருந்தார்கள். குடியிருப்பவர்கள் லிஃப்டில் ஏறினேன், வாளியோடு. அதில் மூன்று பக்கமும் கண்ணாடி. கோபமான பொம்பளைகள் நாலு பேர் ஒன்றாகப் போகிற மாதிரி இருந்தது. ஆண்டவனே, வாயைக் கொடுத்த நீயே இன்றைக்கு அளவையும் கொடு என்று வேண்டிக்கொண்டே போனேன்.

பெரியவரே கதவைத் திறந்தார். அன்றைக்குப் படிக்கட்டில் அவர் என்னைக் கவனிக்கவே இல்லை போலிருக்கிறது. நல்லவேளை, முழுக் கால்சட்டை போட்டிருந்தார்.

"அம்மா, வீட்டு வேலைக்கு ஏற்கெனவே ஆள் இருக்காங்களே."

"நான் வேலைக்கு வரல. சண்டைக்கு வந்திருக்கேன்."

"அப்படியா?" என்று கதவை அகலமாகத் திறந்தார். "உள்ள வாங்க. சண்டைக்குன்னு ஒருத்தர் வந்து எவ்வளவோ நாளாச்சு. டீ போடட்டுமா?"

"டீயைக் காட்டியே எங்க வீட்டுக்காரரைக் கவுத்துட்டீங்க, எனக்கும் வேறயா? இன்னைக்கோட அவர் கயிறு போச்சு. சந்தோஷமா?"

"எந்த வீட்டுக்காரர்?"

ஜன்னலைக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. "அவரா! நீங்க அவர் சம்சாரமா? நேத்து என்ன கோவம் அவருக்கு? சரி, சமாதானம் பண்ணிடலாம்னுதான் இன்னைக்கு மறுபடியும் கூப்பிட்டேன்."

"கூப்பிட்டீங்களா? புகார் போட்டிருக்கீங்க!"

"அதுதாம்மா கூப்பிடறது. நீங்களே கேளுங்க." போனை எடுத்து, சத்தமாக வைத்து, கட்டட ஆபீஸ் நம்பரைப் போட்டார். ஒரு பெண் குரல் தேன் ஒழுகப் பேசியது. பராமரிப்புக் கட்டணத்துக்கு ஒன்றை அழுத்தவும். புகாருக்கு இரண்டை அழுத்தவும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பாட்டு.

"பாத்தீங்களா? ஒன்னை அழுத்தினா என் பணம் போகுது. ரெண்டை அழுத்தி, கண்ணாடின்னு சொன்னா அவர் வர்றார். சிநேகிதரைக் கூப்பிட எதை அழுத்தணும்னு அந்தப் பொண்ணு சொல்லவே இல்லையே. அவர் முறை வர்ற வரைக்கும் காத்திருக்க முடியல. என்னமோ பெல் கண்டுபிடிச்ச மாதிரி நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"ஒவ்வொரு பெல்லுக்கும் அவர் கழுத்துல ஒரு வெட்டு விழுந்திருக்கு."

சூப்பர்வைசர் சொன்னதைச் சொன்னேன். பெரியவர் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை பெரிய சோபாவில் ஒரு மூலையில் மடித்து வைத்த போர்வை மாதிரி இருந்தார். என் கோபம் அதன்பாட்டுக்கு இறங்கிவிட்டது. யோசித்துப் பார்த்தால், நானும் ஆண்டவனை எதற்குக் கூப்பிடுகிறேன்? முட்டி வலி, வாடகை, வாய்க்கொழுப்புப் பிடித்த நாத்தனார். எல்லாம் இரண்டாம் நம்பர்தான். சும்மா வந்துவிட்டுப் போ என்று ஒரு நாளாவது கூப்பிட்டிருக்கிறேனா?

"கீழ வந்து கூப்பிட்டிருக்கலாமே," என்றேன், குரலைத் தணித்து.

"வந்தேனே. என்னை சார்னு சொல்லிட்டார்." சாக்ஸ் போடாத காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இங்க அவர் என்ன சொன்னாலும் எனக்குக் கேக்காது. அதனால அவர் ஒரு நாளும் என்னை சார்னு சொன்னதில்ல."

பிறகு பணக்காரப் புத்தி எட்டிப் பார்த்தது. சட்டென்று நிமிர்ந்தார்.

"அம்மா, அந்தக் கம்பெனி வேலையே வேணாம். நான் மாசச் சம்பளம் தர்றேன். தினம் இங்க வந்து என்கூட சீட்டு ஆடட்டும்."

"சம்பளம் வாங்கிட்டு ஆடினா, அவர் தினம் தோத்துட்டுத்தான் வீட்டுக்கு வரணும்."

பெரியவர், பாவம், நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்.

"அப்ப என்னதான் பண்றது?"

யோசித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் போனேன். அந்தப் புகழ்பெற்ற கண்ணாடியை அதுவரை நான் பார்த்ததே இல்லை. டேப் ஒட்டிய கோந்து வரிவரியாக இருந்தது. நடுவில் விரல் தடங்கள். முகத்துக்கு நேராக வட்ட வட்டமாக மூக்கு அழுத்திய எண்ணெய்ப் பிசுக்கு. சீட்டு கலையும் என்று அந்த மூலையைச் சமையல் அம்மாவைத் தொடவிடாமல் வைத்திருந்தாராம். இத்தனை வருஷம் தொங்கட்டானோடு குடும்பம் நடத்தியதில் அவர் வியாதி எனக்கும் தொற்றியிருந்தது. முந்தானையால் ஒரு மூக்கைத் துடைத்தேன். அது போய்விட்டது.

அப்போதுதான் உறைத்தது.

"ஐயா, இது எந்தப் பக்கத்து அழுக்கு?"

"ஏம்மா, இந்தப் பக்கம்தான். மூக்கு என்னுது."

"வெளிப்பக்கம் கம்பெனியோடது. உள்பக்கம் குடியிருக்கறவங்களோடது. இந்தக் கட்டடத்துல எங்க எல்லாருக்கும் தெரிஞ்ச சட்டம் இது. கண்ணாடி அழுக்குன்னு நீங்க போட்ட புகார் நிஜம்தான். ஆனா அது உங்க மேல நீங்களே போட்ட புகார்."

பெரியவர் கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "ஆஹா! அப்ப அந்த சூப்பர்வைசர் தம்பியை மேல வரச் சொல்லுங்க. அவரையும், கயித்துல!"

சாயங்காலம் சூப்பர்வைசர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். நான் சோபாவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவருக்கு என்ன முகம் வைப்பதென்று தெரியவில்லை. பெரியவர் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

"சார், மன்னிக்கணும் சார். இன்னைக்கே ஆளை மாத்திடறேன்."

"மாத்த வேண்டியதுதான். அழுக்குப் பண்ணின ஆள் நான்தான். என்னை மாத்துங்க."

"சார் தமாஷ் பண்றார்," என்று சூப்பர்வைசர் மரியாதையாகச் சிரித்தார்.

பெரியவர் போய்க் கண்ணாடியில் மூக்கை அழுத்தி எடுத்தார். புதுத் தடம் ஒன்று விழுந்தது. "இதைத் துடைக்கறது யார் வேலை, தம்பி?"

"அது... உள்பக்கம் சார்."

"அப்ப தப்பு யாரோடது?"

சூப்பர்வைசர் சுடச்சுட எதையோ வாயில் போட்டுக்கொண்ட மாதிரி தவித்தார். குடியிருப்பவர் மேல் தப்பு என்று அவர் வாய் அதற்கு முன் சொன்னதே இல்லை.

"சொல்லுங்க தம்பி," என்றேன் நான். "அண்ணே மேல சொல்றப்ப எவ்வளவு சுளுவா வந்துச்சு?"

"குடியிருக்கறவங்க... தப்பு," என்றார், தரையைப் பார்த்து.

"அப்ப மூணு புகாரும்?"

"செல்லாதுக்கா."

"அண்ணன் கயிறு?"

"அண்ணன்கிட்டயேதான் இருக்கும்."

சரியாக அந்த நேரம் ஜன்னலுக்கு மேலிருந்து இரண்டு பூட்ஸ் இறங்கியது. அப்புறம் முழங்கால், வாளி, கடைசியில் எங்கள் வீட்டுக்காரரின் முகம். புகார் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள், முகம் இருண்டு கிடந்தது. உள்ளே பார்த்தார். எதிரியின் சோபாவில் அவர் பெண்டாட்டி. கையில் அவருக்கு வைத்த டீ. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

நான் ஓடிப்போய்க் கண்ணாடிக்கு முன் நின்று எல்லாவற்றையும் கையாலேயே விளக்கினேன். போன், இரண்டு விரல், பெரியவர், நெஞ்சில் கை, மூக்கு. அவருக்கு என்ன புரிந்ததோ. பெரியவருக்கு மூக்கில் ஆபரேஷன் என்று நினைத்ததாகப் பிற்பாடு சொன்னார். ஆனால் பெரியவர் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடப் பார்த்து, முட்டி மடங்காமல் பாதியில் நின்றதும், வெளியே பலகை ஆட ஆரம்பித்தது. காற்று இல்லை. இவர் சிரிப்பு.

பிறகு பெரியவர் தன் பக்கத்தைத் தானே துடைக்கிறேன் என்று கிளம்பினார். என் வாளியையும் துணியையும் கொடுத்தேன். வட்டவட்டமாகத் தேய்த்து, இருந்ததைவிட மோசமாக்கினார். வெளியிலிருந்து இவர் தலையில் அடித்துக்கொண்டு, வைப்பரை மேலிருந்து கீழே இழுத்துக் காட்டினார். பெரியவர் அதேபோல் இழுத்தார். ஒரே கண்ணாடியில் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். சூப்பர்வைசர் என்ன செய்வதென்று தெரியாமல் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முடித்தபோது அங்கே கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. பெரியவருக்கு மூச்சு வாங்கியது. முகமெல்லாம் பெருமை. புதுசாக டீ ஊற்றிக்கொண்டு வந்து, "இந்தாப்பா, இதையாவது சூடா குடி," என்று கோப்பையை நேராக இவர் கைக்கு நீட்டினார்.

டங்கென்று இடித்தது. டீ முழுக்கக் கண்ணாடியில் வழிந்து, பளபளவென்று துடைத்த இடத்தில் கோடு கோடாக இறங்கியது.

இவர் அதைப் பார்த்தார். வெளியிலிருந்து விரல் மடக்கிக் கண்ணாடியைத் தட்டினார். வழிகிற டீயைக் காட்டினார், பெரியவரைக் காட்டினார். உங்க பக்கம்.

பெரியவர் துணியை எடுத்தார். இவர் கயிற்றைப் பூட்டிவிட்டு, பலகையில் சௌகரியமாகச் சாய்ந்து, துடைத்து முடிக்கும்வரை காத்திருந்தார்.